அத்தியாயம் 6: இடுப்பில் செருகிய சாவிக்கொத்து

சித்தூர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஸ்டோர் ரூம் சாவி ஒரு பெரியம்மாவின் இடுப்பில்தான் இருக்கும். சமையல்காரர் வந்து நெய் கேட்டால் பெரியம்மா சாவியை நீட்ட மாட்டார். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வருவார், தானே திறப்பார், டின்னை எடுத்துக் கொடுப்பார், பூட்டிவிட்டுச் சாவியை மறுபடி செருகிக்கொள்வார். இந்த அத்தியாயத்தில் நாம் கம்ப்யூட்டரில் உட்கார வைக்கப்போகும் ஏஜென்ட்டுக்கும் அதே வேலைதான். உங்கள் பிரைவேட் கீயை அது மெமரியில் வைத்துக்கொள்ளும். சர்வர் 'நீ யார்?' என்று கேட்டால் அந்தச் சாவியால் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பும். சாவி மட்டும் வெளியே போகாது.

தியரி இவ்வளவு போதும். காதங்கியின் தேசிய வளிமண்டல ஆய்வகம், ஏர்ப்பேட்டில் இருக்கும் ஐஐடி போன்ற இடங்களின் கம்ப்யூட்டர்களில் தூரத்திலிருந்து வேலை செய்பவராக இருக்கலாம். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள கிளவுட் சர்வரைப் பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசை ஒன்றேதான். விண்டோஸ், சர்வரோடு இணைக்கும் புட்டி, அதன் ஏஜென்ட்டான பேஜன்ட் ஆகிய மூன்றையும் வைத்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலான மேஜைகளில் இருப்பது அவைதான். பொத்தான், மெனு, கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் தந்திருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

தொடங்கும் முன்

புட்டியை எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த சைமன் டாதம். 1999இலிருந்து இலவசமாகக் கொடுத்துவருகிறார். அவருடைய பக்கம் கிரீன்எண்ட் என்ற தளத்தில் இருக்கிறது. தேடினால் முன்னால் வந்து நிற்கும் 'புட்டி டாட் ஆர்க்' அவருடையது அல்ல. திருட்டு நிரல் புகுத்திய போலிப் புட்டிகள் உலவியதுண்டு என்பதால், நண்பர் பென் டிரைவில் கொண்டுவரும் பிரதியை வாங்காதீர்கள். முழு இன்ஸ்டாலரை எடுத்தால் புட்டி, சாவி வார்க்கும் புட்டிஜென், பேஜன்ட் மூன்றும் சேர்ந்தே வரும்.

ஏற்கெனவே புட்டி இருந்தால் முதல் ஜன்னலின் கீழே 'அபவுட்' பொத்தானை அழுத்திப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 0.81க்குக் குறைவானால் இன்றே மாற்றுங்கள். 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் 'பி-521' வகைச் சாவிகள் போடும் கையெழுத்தில் ஒரு கோளாறு இருந்தது. சுமார் 60 கையெழுத்துகள் கையில் கிடைத்தால் பிரைவேட் கீயையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் காட்டினார்கள். அந்த வகைச் சாவியை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் புட்டியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. சாவியையே தூக்கிப் போட வேண்டும், சர்வரில் உள்ள அதன் ஜோடியான பப்ளிக் கீயையும் நீக்க வேண்டும்.

சாவி வார்த்தல்

1. புட்டிஜென்னைத் திறங்கள். கீழே சாவி வகைகளின் வரிசை இருக்கும். 'எட்டிஎஸ்ஏ'வைத் தேர்ந்து, அருகில் உள்ள பட்டியலில் 'எட்25519' என்பதை வையுங்கள். சர்வர் மிகப் பழையது, இதை ஏற்கவில்லை என்றால் மட்டும் 'ஆர்எஸ்ஏ', நீளம் 4096.

2. 'ஜெனரேட்' அழுத்துங்கள். பச்சைப் பட்டை நகராமல் நின்றால் பயப்படாதீர்கள். மேலே உள்ள காலி இடத்தில் மவுஸை இஷ்டத்துக்கு ஆட்டச் சொல்கிறது. நீங்கள் ஆட்டும் தாறுமாறுதான் சாவிக்கு மூலப்பொருள்.

3. 'கீ கமென்ட்' கட்டத்தில் இருக்கும் தேதி எண்ணை அழித்துவிட்டு, எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள்: 'சித்தூர்-வீடு-லேப்டாப்-2025' என்பதுபோல. இதை எல்லோரும் தாண்டிப் போவார்கள். இரண்டு வருஷம் கழித்து சர்வரில் ஐந்து சாவிகள் வரிசையாக நிற்கும்போது எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

4. பாஸ்ஃப்ரேஸை (சாவிக் கோப்பையே பூட்டிவைக்கும் நீண்ட பாஸ்வேர்டு) இரண்டு கட்டங்களிலும் தட்டுங்கள். காலியாக விடாதீர்கள்.

5. 'சேவ் பிரைவேட் கீ' அழுத்தி, பிபிகே கோப்பாகச் சேமியுங்கள். டெஸ்க்டாப்பும் கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் அதற்கான இடமல்ல. டாகுமென்ட்ஸ் ஃபோல்டர்கூட பல லேப்டாப்களில் தானாக ஒன்டிரைவுக்குப் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஜன்னலை மூடும் முன், மேல் பெட்டியில் 'எஸ்எஸ்எச்-எட்25519' என்று தொடங்கும் எழுத்துக் குவியலை முதலிலிருந்து கடைசிவரை நகலெடுங்கள். இதுதான் பப்ளிக் கீ. ஊரெல்லாம் கொடுக்கலாம்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. 'சேவ் பப்ளிக் கீ' என்றொரு பொத்தான் கண்ணில் படும். அது சேமிப்பது பல வரிகள் கொண்ட வேறு வடிவம்; லினக்ஸ் சர்வரின் சாவிப் பட்டியலில் அதை ஒட்டினால் எடுபடாது. பெட்டியில் இருக்கும் ஒற்றை வரிதான் வேண்டியது.

கிளவுட் கம்பெனி கொடுத்த 'பெம்' கோப்பு உங்களிடம் இருந்தால் புது சாவி வார்க்க வேண்டாம். புட்டிஜென்னில் 'லோடு' அழுத்தி, கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்கி அதைத் திறந்து, பாஸ்ஃப்ரேஸ் போட்டு, பிபிகே ஆகச் சேமித்தால் போதும். மூலப் பெம் கோப்புக்குப் பாஸ்ஃப்ரேஸ் கிடையாது என்பதை நினைவில் வைத்து, அதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்க விடாதீர்கள்.

பாஸ்ஃப்ரேஸ்: கோவிந்தா வேண்டாம்

திருப்பதி, சித்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் 'கோவிந்தா' என்ற பெயரோடு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்த பாஸ்வேர்டை நான் பார்த்த அளவு வேறெதையும் பார்த்ததில்லை. அடுத்த இடம் 'ஏழுமலை', பிறகு வண்டி நம்பர், பிறகு மகள் பிறந்த தேதி. சாமி காப்பாற்றுவார், பாஸ்வேர்டைக் காப்பாற்ற மாட்டார். பிபிகே கோப்பு திருடுபோனால் திருடுகிறவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் முயன்று பார்க்கலாம். மூன்று முறை தப்பினால் பூட்டிக்கொள்ள அது வங்கி ஏடிஎம் அல்ல.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேருங்கள். சமையலறையில் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, பள்ளிக்கூட நினைவில் ஒன்று. தமிழும் தெலுங்கும் கலந்து ஆங்கில எழுத்தில் தட்டினால் இன்னும் நல்லது. நம் ஊரில் பேச்சே அப்படித்தான் இருக்கிறது, கஷ்டப்பட வேண்டாம். பாட்டு வரியையும் ஸ்லோகத்தையும் தொடாதீர்கள்.

சர்வரில் பப்ளிக் கீயை வைத்தல்

1. வழக்கமான பாஸ்வேர்டில் சர்வருக்குள் போங்கள். முதல் முறை சேரும்போது புட்டி ஒரு கைரேகையைக் காட்டி 'ஏற்கட்டுமா?' என்று கேட்கும். சர்வரை அமைத்தவரிடம் போன் செய்து எழுத்துகளைச் சரிபாருங்கள். பழகிய சர்வரில் ஒரு நாள் திடீரென்று 'கைரேகை மாறிவிட்டது' என்று எச்சரித்தால் கை தானாக 'அக்செப்ட்'டுக்குப் போகும். போகவிடாதீர்கள்.

2. உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'புள்ளி எஸ்எஸ்எச்' என்ற மறைவு ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்குங்கள். அதன் அனுமதி 700.

3. அதற்குள் 'ஆத்தரைஸ்டு கீஸ்' என்ற கோப்பைத் திறங்கள் (இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது, அடிக்கோடு வரும்). நகலெடுத்த வரியைத் தனி வரியாக ஒட்டுங்கள். திரையில் மடிந்து தெரிந்தாலும் உள்ளே ஒரே வரியாக இருக்க வேண்டும். கோப்பின் அனுமதி 600.

4. இந்த ஜன்னலை மூடாதீர்கள். சாவியால் நுழைய முடிகிறதா என்று இன்னொரு ஜன்னலில் பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

பேஜன்ட்டை உட்கார வைத்தல்

பேஜன்ட்டை இரட்டைக் கிளிக் செய்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 'ஓப்பனே ஆகல' என்று பத்து முறை கிளிக் செய்தவர்கள் உண்டு. கடிகாரத்துக்கு அருகில், தேவைப்பட்டால் சின்ன மேல்நோக்கு அம்பை அழுத்தி, உற்றுப் பாருங்கள். தொப்பி போட்ட ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். அதுதான்.

1. தொப்பியின் மேல் வலது கிளிக், 'ஆட் கீ', பிபிகே கோப்பு, பாஸ்ஃப்ரேஸ்.

2. தொப்பியை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். பட்டியலில் சாவியின் கைரேகையும் நீங்கள் எழுதிய பெயரும் தெரியும்.

3. புட்டியில் சர்வர் முகவரியைப் போடுங்கள். இடப்பக்க மரத்தில் 'கனெக்‌ஷன்', அதன் கீழ் 'டேட்டா'வில் யூசர் பெயரை எழுதுங்கள். மறுபடி 'செஷன்' பக்கம் வந்து, ஒரு பெயர் கொடுத்து, 'சேவ்'.

4. 'ஓப்பன்'. கறுப்பு ஜன்னலில் சாவியின் பெயரும், வரியின் கடைசியில் 'ஃப்ரம் ஏஜென்ட்' என்ற சொற்களும் வந்தால் பேஜன்ட்தான் கையெழுத்துப் போட்டது என்று அர்த்தம். பாஸ்வேர்டு கேட்டால் எங்கோ இடிக்கிறது. இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியைப் பாருங்கள்.

0.75 பதிப்பிலிருந்து 'ஆட் கீ (என்க்ரிப்டட்)' என்று இன்னொரு வரியும் மெனுவில் இருக்கிறது. என் சிபாரிசு இதுதான். சாவி பூட்டியபடியே பேஜன்ட்டில் ஏறும். முதல் தடவை தேவைப்படும்போதுதான் பாஸ்ஃப்ரேஸ் கேட்கும். எழுந்து போகும்போது சாவியைத் தேர்ந்து 'ரீ-என்க்ரிப்ட்' அழுத்தினால் திறந்த பிரதியை மறந்துவிடும். சாதாரண 'ஆட் கீ' வழியாக ஏற்றிய சாவிக்கு இந்த வசதி கிடையாது, முழுதாக நீக்கத்தான் முடியும்.

கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால் பேஜன்ட்டில் இருந்த சாவிகளும் போய்விடும். மறுபடி பாஸ்ஃப்ரேஸ் தட்ட வேண்டும். கோடையில் ஒரே நாளில் மூன்று முறை இப்படி ஆனதும் சிலர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள்: பாஸ்ஃப்ரேஸை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்அப்பில் சாவி தானாக ஏறும்படி செய்துவிடுவது. சாவியை வாசற்படி மிதியடிக்குக் கீழே வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஸ்டார்ட்அப்பில் வைத்தே ஆக வேண்டுமென்றால் என்க்ரிப்டட் முறையில் வையுங்கள்.

விண்டோஸ் 10, 11இல் மைக்ரோசாஃப்ட்டின் ஏஜென்ட்டும் உள்ளேயே இருக்கிறது. அதில் சேர்த்த சாவி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் போகாது. நீங்கள் லாகின் செய்ததும் பாஸ்ஃப்ரேஸ் கேட்காமலே தயாராக நிற்கும். வசதிதான். எனக்கு அந்த வசதி வேண்டாம்.

மண்டபத்தில் நடந்தது

சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மண்டபத்தின் மேல் அறையில் லேப்டாப்பைத் திறந்து அரை மணி வேலை பார்த்தேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள். இலை போட்டுவிட்டால் காத்திருக்க மாட்டார்கள் என்று அப்படியே எழுந்து ஓடினேன். பாயசம் முடிந்து திரும்பினால் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் திரைக்கு முன்னால்.

"அண்ணா, சும்மா இந்த லிஸ்ட்ல ஒண்ண டபுள் கிளிக் பண்ணேன். பாஸ்வேர்டே கேக்கல, உள்ள போயிடுச்சு."

கறுப்புத் திரையில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது ஒரு வாடிக்கையாளரின் சர்வர். பையன் எதையும் தட்டவில்லை, பிழைத்தேன். ஆனால் 25 எழுத்து பாஸ்ஃப்ரேஸ், எட்25519 என்று நான் கட்டியதெல்லாம் அந்த ஒரு இரட்டைக் கிளிக்கின் முன் நிற்கவில்லை. ஏஜென்ட்டில் சாவி ஏறியிருக்கும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரே சாவி. பெரியம்மா இடுப்பில் சாவியோடு தூங்கிப்போன மாதிரிதான் அது.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பவை:

- நாற்காலியை விட்டு எழுந்தால் விண்டோஸ் விசையும் 'எல்'லும் அழுத்தித் திரையைப் பூட்டுவேன். தண்ணீர் குடிக்கப் போனாலும்.
- வீட்டுக்கு வெளியே என்றால் வேலை முடிந்ததும் தொப்பியில் வலது கிளிக், 'எக்ஸிட்'.
- நெட் சென்டர், ஜெராக்ஸ் கடை, உறவினர் கம்ப்யூட்டர் எதிலும் என் பிபிகே கோப்பைத் திறப்பதில்லை. அவசரம் என்றாலும்.

லினக்ஸ், மேக் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையோடு 'டி' சேர்த்து விநாடிகளைக் கொடுத்தால் அந்த நேரம் முடிந்ததும் சாவி தானாக இறங்கிவிடும். 3600 என்றால் ஒரு மணி நேரம். 'சி' சேர்த்தால் சாவியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கும்.

மலைக்குப் போகும் முன்

லேப்டாப் பையோடு திருப்பதிக்கு வருகிறவர்கள் நிறைய. வேலைக்கு வந்துவிட்டு ஒரு தரிசனம், தரிசனத்துக்கு வந்த இடத்தில் ஒரு அவசர வேலை. அலிபிரியில் 3,550 படி ஏறுகிறவர்கள் பையை அங்கேயே ஒப்படைக்கலாம், மேலே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கோவிலுக்குள் போன்கூடக் கொண்டுபோக முடியாது, அதையும் கவுன்டரில் கொடுக்க வேண்டும். ஆக, பல மணி நேரம் உங்கள் சாவிக்கொத்து உங்கள் இடுப்பில் இருக்காது. கொடுக்கும் முன் செய்யவேண்டியவை, இதே வரிசையில்:

1. திறந்திருக்கும் எல்லா புட்டி ஜன்னல்களிலிருந்தும் 'எக்ஸிட்' தட்டி வெளியேறுங்கள். பேஜன்ட்டை மட்டும் மூடினால் ஏற்கெனவே சேர்ந்த இணைப்பு அறுந்துபோகாது.

2. பேஜன்ட்டிலிருந்து வெளியேறுங்கள். தொப்பி மறைந்ததா என்று பாருங்கள்.

3. லேப்டாப்பை 'ஷட் டவுன்' செய்யுங்கள். மூடியை மடக்குவது போதாது. அது ஸ்லீப் நிலை. மெமரி உயிரோடு இருக்கும். ஹைபர்னேட் இன்னும் மோசம், மெமரியில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கும். இந்த இடத்தில் பேஜன்ட்டால் விண்டோஸைத் தடுக்க முடியாது.

4. டிஸ்க்குக்கு பிட்லாக்கர் குறியாக்கம் போட்டிருந்தால் நிம்மதி. இல்லையென்றால் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

5. இரண்டாவது சாவி வீட்டில் பீரோவில் இருக்கட்டும். அதைப் பற்றிக் கடைசியில்.

ஏஜென்ட் ஃபார்வர்டிங்: கைவைக்காத பெட்டி

புட்டியில் 'அலவ் ஏஜென்ட் ஃபார்வர்டிங்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அது காலியாகத்தான் வரும். 'சர்வர் ஒன்றிலிருந்து சர்வர் இரண்டுக்குப் போகணும், அதை டிக் பண்ணு' என்று அனுபவசாலிகள்கூடச் சொல்வார்கள்.

டிக் செய்தால் என்ன ஆகிறது? பெரியம்மா இருக்கும் இடத்திலேயே இருக்கிறார். சமையற்கட்டிலிருந்து யாராவது குரல் கொடுத்தாலும் எழுந்து வந்து திறந்துவிடுகிறார். குரல் கொடுத்தது சமையல்காரரா, பின்வாசல் வழியாக நுழைந்தவரா என்று அவர் பார்ப்பதில்லை. இடையிலுள்ள சர்வரில் நிர்வாகி அதிகாரம் உள்ள எவரும் நீங்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் உங்கள் ஏஜென்ட்டைக் கையெழுத்துப் போட வைக்கலாம். சாவியைத் திருட முடியாது என்பது உண்மை. திருடவேண்டிய தேவையே இல்லை.

2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற திறமூல அரட்டை அமைப்பின் சர்வர்களில் புகுந்தவர்கள் இப்படித்தான் பரவினார்கள். ஜென்கின்ஸ் மென்பொருளின் ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்து காத்திருந்தார்கள். அங்கே ஃபார்வர்டிங்கோடு லாகின் செய்த பொறியாளரின் ஏஜென்ட் வழியாக மற்றச் சர்வர்களுக்குள் போனார்கள்.

இதற்கு மாற்று இருக்கிறது. புட்டி 0.77 முதல் 'கனெக்‌ஷன்', 'ப்ராக்ஸி' பக்கத்தில் ப்ராக்ஸி வகையாக எஸ்எஸ்எச்சைத் தேர்ந்து, அதில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று குறிப்பிட்டிருக்கும் வரியை வைத்து, இடைச் சர்வரின் பெயரைக் கொடுக்கலாம். லினக்ஸில் எஸ்எஸ்எச் கட்டளையோடு பெரிய 'ஜே'. இரண்டிலும் இடைச் சர்வர் வெறும் வழிப்பாதை. கையெழுத்து உங்கள் மேஜையிலேயே நடக்கும்.

சாவி எடுபடவில்லையா?

'சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீ' என்று வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது ஒட்டிய வரியை. நடுவில் உடைந்திருக்கும், அல்லது முதல் எழுத்து விடுபட்டிருக்கும். அடுத்து அனுமதிகள். 777 கொடுத்தால் எல்லாம் திறக்கும் என்பது ஒரு மூடநம்பிக்கை. பிறர் எழுதக்கூடிய ஃபோல்டரில் உள்ள சாவிப் பட்டியலைச் சர்வர் நம்பவே நம்பாது. ஹோம் ஃபோல்டருக்கும் இதே விதிதான். மூன்றாவது, யூசர் பெயர்: உபுன்டு கிளவுட் சர்வரில் 'உபுன்டு', அமேசான் லினக்ஸில் 'ஈசி2-யூசர்'. புதிய சர்வரிடம் பழைய புட்டி ஆர்எஸ்ஏ சாவியைக் காட்டினாலும் இதே மறுப்பு வரும். 2021இலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்து முறையை இயல்பாக ஏற்பதில்லை.

'டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' என்பது வேறு வியாதி. பேஜன்ட்டில் ஏழெட்டுச் சாவிகள் இருந்தால் அது ஒவ்வொன்றாக நீட்டும். சர்வர் வழக்கமாக ஆறு முயற்சிவரைதான் பொறுக்கும். புட்டியில் 'எஸ்எஸ்எச்', 'ஆத்', 'கிரெடென்ஷியல்ஸ்' பக்கத்தில் அந்த சர்வருக்கான சாவிக் கோப்பைக் குறிப்பிட்டுவிட்டால் பேஜன்ட்டிலிருந்து அதை மட்டும் கேட்கும்.

சாவி ஒரு வாரம் ஒழுங்காக வேலை செய்த பிறகு சர்வரில் பாஸ்வேர்டு லாகினை அடைத்துவிடுங்கள். அதைச் செய்யும்போதும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அடைத்துவிட்டு, சோதிக்காமல் வெளியே வந்து, தன் சர்வரின் வாசலில் தானே நின்றவர்களை எனக்குத் தெரியும்.

லேப்டாப் தொலைந்தால்

இதற்காகத்தான் பீரோவில் இரண்டாவது சாவி. வேறொரு பென் டிரைவில், வேறொரு பாஸ்ஃப்ரேஸோடு, தனியாக வார்த்தது. முதல் சாவியின் நகல் அல்ல. அதன் பப்ளிக் கீயும் எல்லா சர்வர்களிலும் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

1. ரயிலிலோ பஸ்ஸிலோ தொலைந்தது தெரிந்த உடனே, நம்பகமான இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து இரண்டாவது சாவியால் நுழையுங்கள். சாவிப் பட்டியலில் தொலைந்த லேப்டாப்பின் பெயருள்ள வரியை நீக்குங்கள். கமென்ட் எழுதிய பலன் இப்போது தெரியும்.

2. 'ஹூ' கட்டளையைத் தட்டி, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். வரியை நீக்கியதால் ஏற்கெனவே நுழைந்தவர் வெளியேற மாட்டார். அந்த இணைப்பைத் தனியாக வெட்ட வேண்டும்.

3. எல்லா சர்வர்களிலும் இதையே செய்யுங்கள். மறந்துபோன டெஸ்ட் சர்வர் ஒன்று எப்போதும் இருக்கும். பட்டியலைக் காகிதத்தில் எழுதி, அதே பீரோவில் வையுங்கள்.

4. லாகின் பதிவுகளைப் பாருங்கள். கம்பெனி சர்வர் என்றால் மேலதிகாரிக்கு உடனே சொல்லுங்கள். யாரோ நுழைந்த தடயம் இருந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022இலிருந்து உள்ள விதி. திட்டு விழும் என்று நீங்கள் தள்ளிப்போடும் நேரமும் அந்த ஆறு மணியைத் தின்றுவிடலாம்.

5. புது லேப்டாப்புக்குப் புது சாவி வார்த்து, புதுப் பெயர் எழுதுங்கள். பீரோ சாவியைப் பென் டிரைவோடு திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.